ஈரலுக்குப் பக்கத்தில் ஒரு பேர்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற மனித உடல் படத்தை யார் வரைந்தது என்று நீங்கள் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நானும் கேட்டதில்லை. ஆரணியில் நான் படித்த பள்ளியில் ஒன்று தொங்கியது. தோல் உரித்த ஆள் ஒருவர் உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு நிற்பார். வாத்தியார் பிரம்பால் தட்டித் தட்டியே அவருடைய ஈரல் இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. கீழ் மூலையில் ஒரு அச்சகத்தின் பேரும், சிவகாசி என்ற ஊர்ப்பேரும் இருக்கும். அந்த ஊருக்கே பிழைக்க வந்து, அப்படி ஒரு படத்தை என் கையாலேயே ஒட்டுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2004ஆம் வருடம். கனகசபாபதி அண்ணாச்சியின் ஆப்செட் பிரஸ்ஸில் எனக்கு பேஸ்டிங் வேலை. மேஜை முழுக்கக் கண்ணாடி. அடியில் டியூப்லைட் எரியும். அதன்மேல் பெரிய தெளிந்த பிலிமை விரித்து, படத்துக்கு ஒரு துண்டு, எழுத்துக்கு ஒரு துண்டு என்று சின்ன பிலிம்களை டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியது தகட்டில் இறங்கும். தகடு மெஷினில் ஏறும். நான் மயிரிழை தள்ளி ஒட்டினால், ஓடுகிற தாள் அத்தனையிலும் அது தள்ளியே இருக்கும்.

எதிர் மேஜையில் முனியராஜ். படம் வரைகிறவர். நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர். அவருடைய அம்மா வேலுத்தாய் அப்போதும் பட்டாசு ஆலையில் திரி வைக்கப் போய்க்கொண்டிருந்தார். முனியராஜ் வரைந்ததெல்லாம் பட்டாசு லேபிள். மயில், ரோஜாப்பூ, கன்னத்தில் கை வைத்த குழந்தை, தொடை தட்டுகிற பயில்வான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது ஒரு தீபாவளிக்கு அவருடைய பயில்வானைக் கொளுத்தியிருப்பார்கள்.

"நம்ம வேலை எல்லாம் ஐப்பசியில ஒரே நாள்ல குப்பையாப் போகுதுண்ணே. மறுநா காலையில கூட்டி அள்ளுறாக. நா வரைஞ்ச மயிலோட கழுத்து ஒரு வாசல்ல கெடக்கும், வாலு இன்னொரு வாசல்ல கெடக்கும்" என்பார்.

அந்த வருடம் ஏப்ரலில் அவருக்கு ஒரு மாறுதலான வேலை வந்தது. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு அறக்கட்டளை இலவசமாகப் படங்கள் கொடுக்கப் போகிறது, அதற்கான ஆர்டர் அண்ணாச்சிக்குக் கிடைத்திருந்தது. மனித உடலின் உள்ளுறுப்புகள். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டே கலர். உடம்பின் வெளிக்கோடு சிவப்பில், உள்ளே உறுப்புகள் கறுப்பில்.

முனியராஜ் வெளிக்கோட்டுக்குப் புதிதாக ஒன்றும் வரையவில்லை. தன்னுடைய பயில்வானையே எடுத்து, கையைத் தொடையிலிருந்து இறக்கி, லங்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டார். மீசையும் இருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏலே, இது பாடம் நடத்துற படம்லே. மீசையை எடு. பிள்ளைக இவன் வெடிப்பான்னு நெனச்சு ஓடிரப் போகுதுக" என்றார். மீசை போனது. நெஞ்சும் வயிறும் மட்டும் தனிப் படமாக வரைந்தார். அந்த உறுப்புத் துண்டைக் கறுப்பு மைக்கான பிலிமில் உடம்பின் நடுவே நான் பொருத்தி ஒட்ட வேண்டும்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது முனியராஜ் மெதுவாகச் சொன்னார்.

"இதுல எம் பேரு வரணும்ண்ணே."

"அண்ணாச்சிகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணும். இது பத்து வருசம் செவத்துல கெடக்கும்லண்ணே? எம் மக ரோஜா இந்த ஜூன்ல ஆறாப்பு போறா. விருதுநகர்ல அவ பள்ளிக்கொடத்துக்கும் இந்தப் படம் வருது. ஒங் கிளாஸ்ல அப்பா பேரு தொங்கப் போகுதுன்னு சொல்லிட்டேன். அவ தெரு பூரா சொல்லிட்டா."

அன்றைக்கே கேட்டார். நான் மேஜையில் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேரா?" என்றார் அண்ணாச்சி. "காலண்டர்ல சாமி படம் போடுதோம். சாமியே பேரு கேக்கல. ஒனக்கு என்னலே?"

"மூலையில சின்னதாத்தான் மொதலாளி."

"இன்னைக்கு நீ கேப்ப, நாளைக்கு மெஷின் ஓட்டுற இருளாண்டி கேப்பான், அப்புறம் கட்டுக் கட்டுறவ கேப்பா. படம் இருக்காது, பேருதான் இருக்கும். போ, போய் ஈரலை முடி."

முனியராஜ் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பிரஷை நீரில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். வரையவில்லை. எழுந்து வெளியே போனார், வந்தார், மறுபடி போனார்.

இந்த இடத்தில் நான் எத்தியேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பட்டாசுக் குழாய் சுற்றப் பழைய காகிதம் வேண்டும். எங்கெங்கிருந்தோ லாரியில் கட்டுக்கட்டாக வரும். பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, கோர்ட் காகிதம், புத்தகம். என் அறைக்குப் பக்கத்தில் நாகையா என்பவர் பார்த்துக்கொள்கிற குடோன் இருந்தது. எடைக்கு எடை வேறு பழைய பேப்பர் கொடுத்தால் எந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ள விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. பிரஸ்ஸின் கழிவுத் தாளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். எட்டாவதோடு நின்ற படிப்பை நான் நீட்டியது அந்தக் குடோனில்தான். இங்கிலீஷும் அகராதியை வைத்துக்கொண்டு அங்கேயே பிடித்ததுதான்.

அப்படி ஒரு நாள் வைத்தியத்தின் வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை. பாதிப் பக்கங்கள் ஏற்கெனவே குழாய் சுற்றப் போய்விட்டன. உடற்கூறு என்றாலே உலகம் பேர் சொல்கிற ஒருவர் உண்டு. அவருடைய அத்தியாயம் முழுக்க எவனோ ஒருவன் கையில் அணுகுண்டாக வெடித்திருக்கும். அதற்கு முந்தின சில பக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதில்தான் ஷார்ல் எத்தியேன் இருந்தார்.

பாரீஸ்காரர். ஆயிரத்து ஐந்நூறுகளில் இருந்தவர். அச்சகக் குடும்பம். அப்பா அச்சடிப்பவர், அண்ணன் அச்சடிப்பவர், அப்பா இறந்தபின் அம்மா கட்டிக்கொண்டவரும் அச்சடிப்பவர். இவர் மட்டும் டாக்டருக்குப் படித்தார். பிணங்களை அறுத்துப் பார்த்து, படங்களோடு ஒரு பெரிய புத்தகம் தயாரித்தார். தண்டுவடத்தின் நடுவே குழல் மாதிரி ஓடுகிற வழியை எழுதினார். எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழைகிற துளைகளை எழுதினார். ஈரலில் இருக்கும் ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் திரும்பி வராமல் தடுக்கிற மடிப்புகளையும் பார்த்து எழுதினார். பாதிப் புத்தகம் அச்சாகிவிட்டது. அப்போது வேலை நின்றது.

நின்றதற்குக் காரணம் ஒரு பேர்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குப் பல நாளாக அரித்துக்கொண்டிருந்தது. அறையில் சொல்ல ஆள் கிடையாது. மெஸ்ஸில் சொன்னால் குழம்பு ஊற்றுகிறவர் நகர்ந்துவிடுவார். ஆகவே பிரஷைக் கலக்கிக்கொண்டிருந்த முனியராஜிடம் சொன்னேன். புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் எத்தியேனின் மரக்கட்டைப் படம் ஒன்று இருந்தது. ஒரு ஆள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வயிற்றைச் சுற்றிக் கட்டம் போட்டதுபோல மெல்லிய கோடு.

முனியராஜ் லென்ஸை வைத்துப் பார்த்தார். "ஒட்டு தெரியுதுண்ணே."

"ஆமா. முழு ஆளையும் ஒரு கட்டையில செதுக்கி, வயித்தை மட்டும் அறுத்து எடுத்துட்டு, குடல் செதுக்கின வேற கட்டையை அங்க சொருகியிருக்காங்க. சில ஆளுங்க வேற படத்துல இருந்து எடுத்த ஆளுங்களாம்."

"அட, நம்ம பயில்வான்!" என்று மேஜையைத் தட்டினார். "இம்புட்டு வருசத்துக்கு முந்தியே இதத்தான் செஞ்சிருக்காக! சரி, வேலை ஏன் நின்னுச்சு?"

"ரிவியேர்னு ஒருத்தர். முடிதிருத்துற குடும்பத்து வைத்தியர்னு வெச்சுக்குங்க, அந்த ஊர்ல அவங்கதான் அறுவை செய்வாங்க. அவர் சொன்னார், பிணத்தை அறுத்தது நான், படத்துலயும் என் கை இருக்கு, என் பேர் இல்லாம புத்தகம் வரக்கூடாதுன்னு. கோர்ட்டுக்குப் போனார்."

முனியராஜ் நிமிர்ந்தார். "பேரு வந்துச்சா?"

"வந்துச்சு. முதல் பக்கத்துலயே போட்டாங்க. ஆனா வழக்குல ஆறு வருசம் போயிடுச்சு. அதுக்குள்ள இன்னொருத்தர் புத்தகம் வெளிய வந்து உலகம் பூரா பரவிடுச்சு. எத்தியேனை மறந்துட்டாங்க. முதல்ல பார்த்தது இவர், பேர் அவருக்கு. கடைசியில கடன் ஜெயில்ல கிடந்து செத்தார்."

"அத விடுங்க. ரிவியேரு பேரு வந்துச்சுல்ல?"

"முனியராஜ், ஒரு மனுசனோட உழைப்பே போயிடுச்சுன்னு சொல்றேன்."

"யாரு உழைப்புண்ணே? நாறுற பொணத்தை அறுத்தவன் உழைப்பு போகலைல? பேரு இருக்குல்ல? அப்ப அவன் கெலிச்சுட்டான்."

இரண்டு பேரும் ஒரே கதையைக் கேட்டு இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் அவர் என்னை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால், "என்ன டாக்டர் கட்சி, டீக்குப் போவமா?" என்பார்.

மே மாதம் கத்திரி வெயிலில் படம் முடிந்தது. சிவப்பும் கறுப்பும் பிலிமாக வந்தன. நான் ஒட்டி முடித்தேன். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"ஆரணியாரே, கீழ ஒரு சாண் வெறுமனே கெடக்கே. நீருதான் நெறயப் படிக்கீரே. நாலு வரி எளுதிப் போடும். உடம்பைப் பத்தி, பெரிய மனுசனைப் பத்தி, என்னமாச்சும்."

அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் கம்ப்யூட்டரில் எழுத்தடிக்கிற டிடிபிக்கு எழுதிக் கொடுத்தேன். 'மனித உடலுக்குள் இருப்பதைப் படம் போட்டு உலகுக்குக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஷார்ல் எத்தியேன். தண்டுவடத்தின் உட்குழலையும், எலும்புக்குள் ரத்தம் செல்லும் துளைகளையும் விவரித்தவர். அவருடைய நூல் அச்சாவது தடைப்பட்டதால் அவர் புகழ் பெறவில்லை. மாணவர்களே, அவரை நினைவில் கொள்ளுங்கள்.'

முனியராஜ் அதைப் பிலிமில் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"வரைஞ்சவன் பேரு எங்க?"

"யாரு?"

"ரிவியேரு."

"இடம் இல்லை முனியராஜ். நாலு வரிதான்."

"இடம் இல்ல." அவர் தலையை ஆட்டினார். "செத்து நானூறு வருசமான வெள்ளைக்காரன் பேருக்கு இடம் இருக்கு. அவன்கூட நின்னு அறுத்தவனுக்கு இடம் இல்ல. இங்கன எதுக்க ஒக்காந்து ஈரல் வரைஞ்சவனுக்கும் இடம் இல்ல. நல்லா எளுதுறீகண்ணே."

அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார். அன்று பூராவும் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அடுத்த நாள், ஒட்டியதன் நகலை எடுத்துக்கொண்டு நான் சூலக்கரைக்குப் போனேன். அங்கே அறக்கட்டளை ஆபீஸில் ஒருவர் பார்த்து சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மதியம்வரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கையெழுத்து கிடைத்ததும் பூத்திலிருந்து பிரஸ்ஸுக்குப் போன் போட்டு ஓகே ஆகிவிட்டது என்று சொன்னேன். பஸ் பிடித்துச் சிவகாசி வந்து சேர்வதற்குள் அண்ணாச்சி பிலிமைத் தகட்டுக்கு அனுப்பி, தகடு மெஷினில் ஏறி, இருளாண்டி ஓட்ட ஆரம்பித்திருந்தார். நகலைத்தான் சரி பார்த்தார்கள். பிலிமை மறுபடி யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம். தாள்கள் காய்ந்து அடுக்கடுக்காக நின்றன. அடுத்த நாள் காலையில் லோடு. முனியராஜ் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கண்டுபிடிங்க பாப்போம்."

"என்ன?"

"பாருங்கண்ணே. விலா எலும்புக்குக் கீழ."

லென்ஸை வைத்தேன். கடைசி விலா எலும்புக்குக் கீழே, ஈரலை ஒட்டி, நிழலுக்காகப் போட்ட மெல்லிய கோடுகளுக்கு நடுவே, கடுகு அளவு எழுத்தில் 'முனியராஜ்' என்று இருந்தது. நேராக, அழகாக இருந்தது.

"நேத்து நீங்க போனப்ப. கரண்டு இல்ல, எல்லாரும் வெளிய நின்னாக. ஒங்க மேஜையில அந்தத் துண்டை மட்டும் களட்டி, கறுப்பு மையில எளுதி, திருப்பி ஒட்டிட்டேன். கோவப்படாதீக. மொதலாளி கண்ணுக்குத் தெரியாது. ரோஜாகிட்ட மட்டும் எடத்தைச் சொல்லுவேன்."

நான் லென்ஸை எடுத்துவிட்டுப் படத்தை முழுசாகப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது. ஆரணி வாத்தியாரின் பிரம்பு நினைவுக்கு வந்தது. அவர் எந்தப் பக்கம் தட்டுவார்?

"முனியராஜ், ஈரல் பக்கம் மாறியிருக்கு."

"என்னண்ணே?"

"ஈரல் அந்த ஆளோட வலது பக்கம் இருக்கணும். இங்க இடது பக்கம் இருக்கு. இதயம் வலது பக்கம் சாஞ்சிருக்கு. இரைப்பையும் மாறிடுச்சு. துண்டை எப்படி ஒட்டினீங்க?"

அவர் கையைத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்பில் மை நிற்காது, உருண்டு ஓடிவிடும். ஆகவே மங்கல் பக்கத்தைத் திருப்பி வைத்து எழுதியிருக்கிறார். அப்படித் திருப்பினால் படம் இடம் வலமாக மாறித் தெரியும். அவர் எழுதிய பேர் மட்டும் நேராகத் தெரியும். ஒட்டும்போது பேர் நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார். ஈரலைப் பார்க்கவில்லை. லேபிள் வேலையில் மயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் மயில்தான். எழுத்து நேராக இருந்தால் வேலை சரி. அந்தப் பழக்கம்.

முனியராஜ் தாளைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்தார்.

"இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்க, பிள்ள படத்துக்கு எதுக்க நிக்குது. நெஞ்சுல கை வைக்குது. இந்தப் பக்கம். படத்துலயும் இந்தப் பக்கந்தான இருக்கு? கண்ணாடி பாக்குற மாதிரி."

"படத்துல இருக்கிறவர் நம்மளப் பார்த்து நிக்கறார். அவரோட இடது கை எது?"

அவர் படத்துக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார், திரும்பினார், மறுபடி தூக்கினார். வியர்த்துக் கொட்டியது. வெளியே போய் அடுக்குகளைப் பார்த்தார். கட்டுக் கட்டுகிற பெண்கள் சணல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தார்.

"யாரு பாக்கப் போறா? பேசாம விட்டுருவமா?"

அண்ணாச்சியிடம் சொன்னால் அவருக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் படம் போகும். என் கை சும்மா இருக்க முடியாமல் டேப்பைக் கிழித்துக் கிழித்து மேஜை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் மறுபடி வெளியே போனார். வந்து நின்றுகொண்டே கேட்டார்.

"அந்த ரிவியேரு படத்துல தப்பு இருந்துச்சாண்ணே?"

"இருந்திருக்கும். அந்தக் காலத்துல எல்லார் படத்துலயும் தப்பு உண்டு. ஆனா தப்புன்னு தெரிஞ்சே விட்டதா நான் எங்கயும் படிக்கல."

"தெரிஞ்சே விட்டதா இல்ல" என்று அவர் தனக்குள் சொன்னார். தாளைச் சுருட்டினார். நேராக அண்ணாச்சி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அண்ணாச்சி கேட்டு முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏலே, ஈரலும் இதயமும் ஒன் வீட்டுச் சாமானாலே, இங்கன கெடந்ததை அங்கன தூக்கி வைக்க? ஆரணியாரே, நீரும் கூட்டா?"

"அவுக ஊர்ல இல்ல மொதலாளி. நாந்தான்."

அண்ணாச்சி தாளைச் சுவரில் பிடிக்கச் சொன்னார். எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த இருளாண்டி, "கை வெச்ச பக்கந்தான இருக்கு மொதலாளி, இதுல என்ன கோளாறு?" என்றார்.

அண்ணாச்சியின் கை நெஞ்சிலேயே இருந்தது. அவர் யோசித்தார். விடியற்காலை லோடு ஏற வேண்டும். தாமதம் ஆனால் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போக எதிர் பிரஸ் தயாராக இருந்தது.

"அவன் சொல்றதும் சரியாத்தான் படுது. விட்டா என்ன?" என்றார் முனியராஜைப் பார்த்து. "ஒம் பேருதான் நேரா இருக்கே. ஒனக்கு அதான வேணும்?"

"அதான் மொதலாளி. தப்பான நெஞ்சுக்குப் பக்கத்துல எம் பேரு இருக்கே."

"எம் பேருந்தாம்லே கீழ இருக்கு. தப்புன்னு தெரிஞ்சா மொத எச்சி எம்மேலதான் விளும். பேருன்னா என்னன்னு நெனச்ச? மாலைன்னு நெனச்சியோ?"

"அப்ப பாதி எச்சி எம்மேல விளட்டும்னு போட்டிருக்கலாம்ல மொதலாளி, நா கேட்டப்பவே."

இருளாண்டி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எல்லாத்தையும் நாகையா குடோனுக்கு ஏத்து. அவனாவது குளாய் சுத்தட்டும். ஆரணியாரே, துண்டைச் சரியாத் திருப்பி ஒட்டும். புதுத் தகடு போடும். அந்தப் பேரைச் சுரண்டி எடும். முனியராஜ், ஒங் கணக்கை அப்புறம் பாக்கேன்லே, இப்ப நின்னு கட்டுப் பிரி."

மேஜை விளக்கைப் போட்டேன். துண்டைக் கழற்றித் திருப்பி வைத்தேன். ஈரல் வலது பக்கம் போனது. இதயம் இடது பக்கம் வந்தது. அண்ணாச்சி பின்னால் நின்று லென்ஸைக் கேட்டார்.

"எங்க அவன் பேரு?"

துண்டு திரும்பியதில் பேரும் திரும்பியிருந்தது. எழுத்துகள் இடம் வலம் மாறி ஓடின. நிழல் கோடுகளோடு சேர்ந்து, பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தன.

"இதுவா? நரம்பு மாதிரில்ல இருக்கு."

பிளேடை எடுத்தேன். முனியராஜ் என் கையைப் பிடித்து, "நா எளுதுனது, நானே எடுக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். முதல் எழுத்தில் வைத்து லேசாக இழுத்தார். எழுத்தோடு ஈரலின் ஓரக்கோடும் உரிந்து வந்தது. அவர் கை நின்றது. பிரஷை எடுத்து, கோட்டை மட்டும் மறுபடி வரைந்து சேர்த்தார். எழுத்தைத் தொடவில்லை.

"மொதலாளி, சுரண்டுனா ஈரல் போயிரும். சொல்லுங்க, எடுக்கவா?"

அண்ணாச்சி லென்ஸை மேஜையில் வைத்தார். "ஈரல் இருக்கட்டும். எவன் கண்ணாடி கொண்டாந்து காட்டிப் பாக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தகடு தயாராவதற்குள் நான் டிடிபிக்கு ஓடினேன். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'அவருக்காக உடல்களை அறுத்து ஆராய்ந்தவர் ரிவியேர்' என்று சேர்த்து எடுத்துவந்து ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை. முனியராஜ் அதைப் படித்தார்.

"உங்க பேரும் உள்ள இருக்கே" என்றேன். "கண்ணாடியில காட்டினா தெரியும்."

"கண்ணாடி வெச்சுப் பாக்குறது ஒரு பேராண்ணே?" என்றார்.

புதுத் தாளில் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு சாயங்காலம் ரோஜாவிடம் காட்ட விருதுநகர் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை லோடு சூலக்கரைக்குப் போனது. கெட்ட தாள்கள் நாகையா குடோனுக்குப் போயின. முனியராஜ் வழக்கமான நேரத்துக்கு வந்து, கம்பி மத்தாப்பு லேபிள் ஒன்றை வரைய உட்கார்ந்தார். ரோஜா என்ன சொன்னாள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தேடினாளாம். ஈரலுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன நரம்புப்பா என்று கேட்டாளாம். ஆமா, நரம்புதான் என்று சொல்லிவிட்டாராம்.